அத்தாவின் மழைக்குழாயும் அம்மாவின் இரும்புப் படியும்

திருச்சியில் பெரிய கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. கீழே அத்தாவின் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. அதற்குப் பின்னால் பஞ்சு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி. மேலே இரண்டு மாடியிலும் நாங்கள். எங்கள் ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தா மத்தியானம் சாப்பிட மேலே வரும்போது புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா முந்தானையால் தட்டிவிட்ட பிறகுதான் சோறு போடுவாள். எவ்வளவு தட்டியும் எங்கள் வீட்டுக் குழம்பில் ஓர் இழை பஞ்சு கிடக்காத நாள் கிடையாது. விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். நாங்கள் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம்.

அந்த வீட்டைக் கட்டியது யாரோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஏஜெண்டு என்று சொல்வார்கள். மேலே ஆபீஸ், கீழே கிட்டங்கி என்று வைத்திருந்தாராம். தீப்பிடித்தால் குமாஸ்தாக்கள் தப்பித்து ஓடுவதற்காகப் பின்பக்கச் சுவரில் ஓர் இரும்புப் படிக்கட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். மேல் மாடியிலிருந்து மடங்கி மடங்கி இறங்கி, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு முட்டுச்சந்தில் போய் முடியும். ஒவ்வொரு மடிப்பிலும் நாலு பேர் நெருக்கி உட்காரும் அளவுக்கு ஒரு இரும்பு மேடை. எங்கள் காலத்தில் அதன் வழியாக யாரும் தப்பித்து ஓடவில்லை. மத்தியான லுஹர் தொழுகை முடிந்து அத்தா கடையில் மெத்தை மேலேயே கண்ணயரும் நேரத்தில் அம்மா அங்கே போய் உட்காருவாள். சாயங்கால அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்றைய பெண்பிள்ளைகள் கேட்பார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போக வேண்டுமானால் முன்பக்க மரப்படியில் இறங்கி, கடைக்குள்ளே ஆண்களுக்கு நடுவில் நடந்துதான் போக வேண்டும். அதற்கு முன்னால் அத்தா வாடிக்கையாளர்களை ஒதுங்கச் சொல்லுவார். கடையாட்கள் திரும்பி நிற்பார்கள். வாசலில் திரை போட்ட குதிரைவண்டி காத்திருக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு, ஏதோ களவாடிய சாமானைக் கடத்துவது மாதிரி எங்களைக் கடத்துவார்கள். இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கல்யாணம், மௌத்து விழுந்த துக்க வீடு, ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் அம்மா வெளியே கிளம்புவதில்லை. மொட்டைமாடிக்குப் போகலாம் என்றால், எதிரே ஒரு லாட்ஜ். அதன் ஜன்னல்களில் எந்நேரமும் பனியன் போட்ட யாராவது ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். ஆக, வானம் பார்க்கவும் காற்று வாங்கவும் அம்மாவுக்கு இருந்த ஒரே இடம் அந்த இரும்புப் படிதான்.

பின்பக்கம் கிழக்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் அங்கே வெயில் வராது. அம்மா மேல் மேடையில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு உட்காருவாள். எதிரே, ஒரு முழம் இடைவெளியில், பித்தளைப் பாத்திரக் கடைக்காரர் வீட்டு மாடிச் சுவர். அந்த வீட்டு அம்மாள் அங்கே வந்து முழங்கையை ஊன்றிக்கொள்வாள். எங்களுக்கு அவள் பாத்திரக்கடை அத்தை. அம்மாவுக்கு அக்கா. நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போகும், நவராத்திரிச் சுண்டல் இந்தப் பக்கம் வரும். ஊரில் யார் வீட்டில் சம்பந்தம் பேசினார்கள், யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு முசிறிக்குப் பஸ் ஏறிவிட்டாள் என்பதெல்லாம் அந்த ஒரு முழத்தைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும். இரண்டு பேரும் சண்டையும் போட்டிருக்கிறார்கள். சுண்டலில் உப்பில்லை என்று அம்மா உண்மையைச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலையும் தெரியாமல் தவித்ததை நானே பார்த்தேன்.

மேடையின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் வடக்கே, தென்னைகளுக்கு மேல், ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரியும். அம்மா காவிரிப் பாலத்தைத் தாண்டியதே இல்லை. ஆனால் இன்றைக்கு அங்கே மழை கறுத்திருக்கிறதா, இல்லையா என்று சரியாகச் சொல்லுவாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் என்னையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கும் அங்கே ஒரு படி ஒதுக்கப்பட்டது. அம்மாவின் மேடைக்குக் கீழே இரண்டாவது படி. அந்தப் படி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வருஷம் நான் யாரையாவது கடித்திருப்பேன்.

இதெல்லாம் அத்தாவுக்குத் தெரியாது. யாரும் மறைக்க வேண்டும் என்று கூடிப் பேசவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் சாப்பிட வருவதும் போவதும் முன்பக்கப் படியில். கிட்டங்கியின் பின்கதவு பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் புதைந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவர் கணக்கில் அந்தப் படி, வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய இரும்பு.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பஞ்சுக் கிட்டங்கி எரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அத்தா போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அன்று சோற்றில் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மூக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. மாடிப்படி ஏறும்போதே உறிஞ்சிக்கொண்டு வருவார். அம்மா கடுகு தாளித்தால்கூடக் கீழேயிருந்து ஆள் அனுப்புவார். படுக்கப் போகும் முன் அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்து, விரலை விட்டுப் பார்ப்பார். "பஞ்சு மேல புள்ளகுட்டியள வச்சிக்கிட்டு எப்படித் தூங்குறது" என்று ஒருநாள் அவர் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். எங்கள் மேல் அவருக்கு இருந்த பிரியம் அப்படிப்பட்டது. அதைப் பயமாக மட்டும்தான் காட்டத் தெரியும்.

இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முட்டுச்சந்துக்குப் போய் இரும்புப் படியைக் குடைக்கம்பியால் தட்டினார். துரு உதிர்ந்தது. ஆபத்தில் நாலு பேர் ஒன்றாக இறங்கினால் படியே ஆபத்தாகிவிடும், இதைக் கழற்றிவிட்டு வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தட்டிய அந்தப் படியின் மேல் மேடையில் அதற்கு முந்தின நாள் அம்மாவும் நானும், புருஷன் வீட்டிலிருந்து கர்ப்பிணியாக வந்திருந்த என் அக்காவும், ஒரு ஆட்டுரல் குழவியும் இருந்தோம். குழவி எதற்கு அங்கே வந்தது என்பது இப்போது நினைவில்லை.

வேறு ஏற்பாட்டை அத்தா ஒரு நூல்மில்லில் கண்டுபிடித்தார். அங்கே கூரையோரமாகக் குழாய் ஓடுகிறது, குழாயில் இடைவெளி விட்டு மூக்கு மூக்காக வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு மூக்கையும் சிவப்புத் தண்ணீர் அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி அடைத்துக்கொண்டிருக்கிறது, சூடு ஏறினால் குப்பி வெடிக்கும், தண்ணீர் மழை மாதிரி கொட்டும். இதைச் சொல்லும்போது அத்தா சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் கையை விரித்து, பத்து விரலாலும் மழை பெய்து காட்டினார். ஸ்பிரிங்ளர் என்பது அதன் பெயர். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஒருவர் வாயிலும் நிற்கவில்லை. அம்மா வைத்த பெயர் மழைக்குழாய்.

அந்த மில் புதுசு மாற்றியபோது கழித்த மூக்குகளை அத்தா மொத்தமாக வாங்கினார். குழாய்க்கு மரை வெட்டியது அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில். பொருத்த வந்தவர் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேஸ்திரி. எஞ்சினுக்கே தண்ணி காட்டினவன் நான் என்று நாளைக்கு நாலு தடவை சொல்லுவார். எங்கள் வீட்டை அவர் கடைசிவரை ஒரு ரயிலாகத்தான் நினைத்தார். முன்கட்டு எஞ்சின், சமையலறை கரிவண்டி, நாங்கள் இருக்கும் அறை லேடீஸ் பெட்டி. அவர் ஓர் அறையில் நுழையும் முன் கனைப்பார். நாங்கள் அடுத்த அறைக்கு ஓடுவோம். இப்படிக் கனைத்துக் கனைத்து, வீடு முழுக்க எங்களைத் துரத்தியபடியே அவர் குழாய் பதித்து முடித்தார்.

மொட்டைமாடியில் தொட்டி கட்டியாயிற்று. கிணற்றிலிருந்து மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்ற, அந்தப் பெரிய குழாய் பின்சுவரோடு போக வேண்டும். அதற்கும் இடைஞ்சலாக நின்றது இரும்புப் படிதான். மழைக்குழாய் சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் படியை அறுத்து எடுத்துவிடலாம், அதுவரை தற்காலிகமாக வேறு வழியில் குழாய் போகட்டும் என்று அத்தா முடிவு செய்தார். அதைச் சாப்பிடும்போது சொன்னார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்று, பிறகு ஊற்றியது.

"சொல்லும்மா" என்று நான் அன்று மத்தியானம் அம்மாவை நச்சரித்தேன். என்ன சொல்வது என்று அம்மா திருப்பிக் கேட்டாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்வதா? பக்கத்து வீட்டு ஆம்பளை எட்டிப் பார்த்தால் என்னாவது என்று அவர் கேட்டால்? படி போவது ஒரு பக்கம் இருக்கட்டும், படி இருக்கும்போதே கதவைப் பூட்டிவிட்டால்? அம்மா பயந்ததில் நியாயம் இருந்தது. படியைக் காப்பாற்ற வேண்டுமானால் அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் இருப்பதும் போய்விடும்.

அதனால் அம்மா சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தாள். பின்பக்கக் கதவை அடைத்துவிட்டால் வீட்டில் காற்றே வராதே என்றாள். மறுநாள் ஒரு டேபிள் ஃபேன் வந்தது. வடகம் காயவைக்க இடமில்லாமல் போகுமே என்றாள். ஒரு கூடை நிறைய அப்பளக் கட்டும் வடகமும் கடையாள் தலையில் வந்து இறங்கின. படி என்று ஒன்று இருந்தால் மனசுக்குத் தெம்பாக இருக்குமே என்று கடைசியாக ஒரு நாள் சொன்னாள். அத்தா அதை மிகவும் யோசித்தார். யோசித்து, அம்மா படுக்கும் அறையில் மட்டும் இன்னும் இரண்டு மூக்கு வைக்கச் சொல்லி மேஸ்திரிக்கு ஆள் விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இந்த மனிதரிடம் ஒரு குறையைச் சொன்னால் அது ஒரு சாமானாகத் திரும்பி வரும். அம்மா அந்த ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானை பறக்க, வாங்கிக் கொடுத்தவரைத் திட்டவும் முடியாமல் மெச்சவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். மழைக்குழாய் வேலை செய்யாது. மில்லில் கழித்த சாமான், பேச்சு மட்டும் பெரிசாக இருக்கும் மேஸ்திரி, இது எங்கே கொட்டப் போகிறது என்று பாத்திரக்கடை அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தையும் தன் பங்குக்கு ஆமாம் போட்டாள்.

ஐப்பசியில் அக்காவுக்கு எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அந்த வருஷம் அடைமழை. பிள்ளைத்துணி ஒன்றும் காயவில்லை. கொடி கட்டி, கதவில் போட்டு, நாற்காலி முதுகில் போட்டு, எல்லாம் நனைந்தது நனைந்தபடி இருந்தது. கூரையோரம் நீளமாக, வாட்டமாக, ஒரு குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்ணுக்கும் தோன்றுவதுதான் எங்களுக்கும் தோன்றியது. அதில் எதையும் தொங்கவிடக் கூடாது என்று அத்தா கண்டித்துச் சொல்லியிருந்தார். அவர் பிள்ளைபெற்ற அறைக்கு வரமாட்டார் என்ற தைரியத்தில், பரணுக்கு மேலே குழாய் போகும் இடத்தில் வரிசையாகத் துணியைப் போட்டோம். அதுவும் காயவில்லை. பிறகு அம்மா கும்முட்டி அடுப்பில் கரி மூட்டி, பிடி சாம்பிராணியும் போட்டு, என்னை ஸ்டூலில் ஏற்றி அதைப் பரண் மேல் வைக்கச் சொன்னாள். தரையில் வைத்தால் அக்காவின் கண்ணைக் கரிக்கும், மேலே இருந்தால் துணிக்குப் பக்கத்தில் சூடும் படும், வாசமும் ஏறும். நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடிக் குப்பி தெறித்தது. அதற்குப் பிறகு நடந்ததை அத்தாவின் பத்து விரலால் காட்டியிருக்க முடியாது. முதலில் கறுப்பாக, துரு வாடையோடு, பிறகு வெள்ளையாகத் தண்ணீர் அறை முழுக்கச் சுழற்றி அடித்தது. கும்முட்டி உஸ்ஸென்று அவிந்து சாம்பலும் கரியும் மேலேயிருந்து ஒழுகின. அக்கா பிள்ளையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பின்கதவைத் திறந்து எங்களை இரும்புப் படிக்குத் தள்ளினாள். வெளியே மழை சற்று விட்டிருந்தது. பாத்திரக்கடை அத்தை சத்தம் கேட்டு ஓடிவந்து கையை நீட்டினாள். பிள்ளை ஒரு முழத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் மேடையில் நின்று மூச்சு வாங்கினோம்.

அப்போதுதான் உள்ளே மரப்படியில் அத்தா ஓடிவரும் சத்தம் கேட்டது. ஒழுகின தண்ணீர் கடைக்குள் இறங்கியிருக்க வேண்டும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அக்காவை மட்டும் வெளியே மேடையில், கதவோரம் நனையாத மூலையில் நிறுத்திவிட்டு, தப்பித்து வெளியே வந்த நாங்கள் இரண்டு பேரும் மறுபடி உள்ளே போய் அந்தக் கொட்டும் தண்ணீரில் நின்றோம். கதவை அம்மா முதுகால் சாத்தினாள்.

அத்தா வாசலில் வந்து நின்றார். எங்களைப் பார்த்தார். மேலே பார்த்தார். "புள்ள எங்க?" என்றார். பத்திரமாக இருக்கிறது என்று அம்மா தண்ணீருக்கு நடுவிலிருந்து சொன்னாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நனைந்த தாடியோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக நின்றதைப் பார்த்ததில்லை. கண்ணில்கூட நீர் வந்த மாதிரி இருந்தது, மழைக்குழாய்த் தண்ணீரில் எது எதென்று தெரியவில்லை. கடையில் எத்தனை மெத்தை நனைந்தது என்ற பேச்சே அவரிடம் இல்லை. அல்லாஹ்வுக்குப் புகழ் சொல்லிக்கொண்டே மொட்டைமாடிக்கு ஓடி வால்வை மூடினார். அன்றுதான் பல மாதம் கழித்து அவர் அடுப்புச் சாம்பலில் விரல் விடாமல் படுக்கப் போனார்.

அம்மாவின் கடைசி நம்பிக்கையை அம்மாவே கும்முட்டி வைத்து அவித்துவிட்டாள். மழைக்குழாய் வேலை செய்கிறது. இனி படி எதற்கு? அக்காவுக்குப் பிள்ளைபெற்ற நாற்பது நாள் கழிந்து, அவள் புருஷன் வீட்டுக்குப் போனதும், மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் படியை அறுக்க வந்த அன்று காலையில் அம்மா வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே இட்லியை இறக்கிவிட்டாள். அத்தா சாப்பிட்டுக் கீழே போனார். முட்டுச்சந்தில் மேஸ்திரியின் கனைப்பும், உளியும் சம்மட்டியும் கீழே போடும் சத்தமும் கேட்டன. அம்மா பெட்டியைத் திறந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்தாள். யாராவது இறந்துவிட்டார்களோ என்று நான் பதறிவிட்டேன். அவள் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்கதவைத் திறந்து, மேல் மேடைக்குப் போய், சந்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கீரையும் இல்லை, முறமும் இல்லை. வெறுங்கையோடு உட்கார்ந்தாள்.

கீழே மேஸ்திரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மரியாதைக்காரர், சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் இரண்டு ஆட்களையும் திரும்பி நிற்கச் சொன்னார். மூன்று ஆண்களும் வகுப்பில் தண்டனை வாங்கின பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மேஸ்திரி சுவரைத் தடவியபடியே சந்தைச் சுற்றிக் கடைக்குப் போய், அம்மா படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், வேலை தொடங்க முடியவில்லை என்று அத்தாவிடம் சொல்லியிருக்கிறார்.

அத்தா மேலே வந்தார். பின்கதவுவரை வந்து நின்றுவிட்டார். அந்த வாசற்படியை அவர் தாண்டி நான் பார்த்ததில்லை. "உங்கம்மாவ உள்ள வரச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அம்மா மூன்று எட்டு தூரத்தில் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழும். இருந்தாலும் நான் போய்ச் சொன்னேன். அம்மா அசையவில்லை. அம்மா வரமாட்டாளாம் என்று நான் திரும்பி வந்து, அவள் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். படி துருப்பிடித்துவிட்டது, என்றைக்காவது ஆளோடு விழும், அதைச் சொல்லு என்றார். போய்ச் சொன்னேன். மழைக்குழாய்தான் வந்தாச்சே, தீப்பிடிச்சா அது அணைச்சிடும், தப்பிச்சு ஓட இனி இந்தப் படி எதுக்குன்னு கேளு என்றார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"தீப்பிடிச்சாத்தான் நான் வெளிய வரணுமாங்க?"

குரலில் கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள். எதிர் மாடியில் பாத்திரக்கடை அத்தையின் தலை ஒரு தடவை தெரிந்து, உடனே மறைந்தது.

அத்தா அப்போதுதான் அந்த மேடையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கம்பியில் சொருகியிருந்த சீப்பு, மூலையில் கிடந்த முருங்கைக் காம்புகள், எதிர்ச் சுவரில் சுண்டல் கிண்ணம் வைத்து வைத்துத் தேய்ந்த இடம், உட்கார்ந்து உட்கார்ந்து துருவே ஏறாமல் பளபளத்த என் படி. ஒவ்வொன்றாகப் பார்த்தார். எத்தனை காலமாக என்று கேட்டார். வந்த நாளிலிருந்து என்றாள் அம்மா. இதோ கதவைப் பூட்டப் போகிறார், படியும் கதவும் இரண்டுமே போயிற்று என்று நினைத்தேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். புருவத்தில் பஞ்சு இருந்தது, தட்டிவிட அன்று யாரும் பக்கத்தில் இல்லை.

"எங்கிட்ட சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருக்கப் போறேன்?" என்றார்.

அம்மா அதற்கு ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"ஆமாங்க. சொல்லியிருப்பீங்க" என்றாள்.

அத்தா தரையைப் பார்த்தார், பிறகு கோபுரம் இருக்கும் பக்கம் பார்த்தார். யோசிக்கும்போது தாடியை நெருடுவார், அதைச் செய்தார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர், கடையில்கூட.

"ஆமா" என்றார் கடைசியில். "சொல்லித்தான் இருப்பேன்."

பிறகு அவர் வாசற்படியைத் தாண்டி ஒரு காலை மேடையில் வைத்தார். இரும்பு முனகியது. கம்பியைப் பிடித்துக் குனிந்து, சந்துக்குத் திரும்பி வந்து மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற மேஸ்திரியைக் கூப்பிட்டார். படியை அறுக்க வேண்டாம், துருவேறின பலகையை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுசு போட எவ்வளவு இரும்பு ஆகும் என்று கேட்டார். மேஸ்திரி சுவரிடமே பதில் சொன்னார். மேல் மேடையிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தால்தான் தெரியும், அம்மா கொஞ்சம் எழுந்து உள்ளே போனால் இப்போதே ஏறி வந்து அளந்துவிடுகிறேன் என்றார்.

அம்மா எழுந்திருக்கத் துப்பட்டியைச் சேர்த்துப் பிடித்தாள். அத்தா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கீழே குனிந்தார்.

"அவங்க உக்காந்திருக்காங்க" என்றார். "நாளைக்கு வாங்க."